சித்திரக் கடையின் சாவி யார் கையில்?

அடையாற்றில் புதிதாக எழும்பும் வீடுகள் பலவற்றின் சுவர்களை நோக்குவோர்க்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. சுவருக்கு வர்ணம் பூசுவதில் பணம் தாராளமாகச் செலவிடப்படுகிறது. தரைக்குச் சலவைக்கல் கடல் கடந்து வருகிறது. ஆனால் கூடத்தின் நடுவே, வருவோர் கண்ணுக்கு நேரே மாட்டப்படும் படமோ, எங்கோ ஓர் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்த, எழுதியவன் பெயரும் இல்லாத தாளாக இருக்கிறது. அதே நகரத்தில், கல்லூரியிலே பல வருஷம் சித்திரம் பயின்று பட்டம் பெற்ற வாலிபர்கள், தாங்கள் எழுதிய படங்களைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்துவிட்டு, வேறு ஏதாவது வேலைக்கு மனுச் செய்துகொண்டிருக்கிறார்கள். வாங்கக்கூடியவனுக்கு எழுதுபவனைத் தெரியாது. எழுதுபவனுக்கு வாங்கக்கூடியவனைத் தெரியாது. இருவரும் ஒரே ஊரில் வசித்தும், ஒருவர்க்கொருவர் அயல் தேசத்தார் போல் இருக்கின்றனர்.

இந்தத் தூரத்தை இணையம் அழித்துவிட்டதென்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. கைபேசி ஒன்று வைத்திருக்கும் எந்த இளைஞனும், எந்த யுவதியும், காலையில் எழுதி முடித்த படத்தை மாலைக்குள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் உள்ளவர் கண்ணுக்குக் கொண்டு போய்விடலாம். குடத்திலிட்ட விளக்கைக் குன்றின்மேல் ஏற்றுவதற்கு இதற்கு முன் இத்தனை எளிய ஏணி அகப்பட்டதில்லை. ஆனால் அந்தக் குன்று யாருக்குச் சொந்தம், அங்கே விளக்கு வைக்க வாடகை எவ்வளவு, நாளைக்கு விளக்கை எடு என்றால் எங்கே போவது என்ற கேள்விகளை நம்மவர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. அவற்றைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம்.

அடையாற்றின் இரு பெருமைகள்

இக்கேள்வியை எழுப்புவதற்கு அடையாற்றைவிடத் தகுந்த இடம் வேறில்லை. 1936-ம் வருஷத்தில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்தது இங்கேதான். பிற்பாடு அது திருவான்மியூருக்குக் குடிபெயர்ந்து, 1993-ம் வருஷத்தில் பார்லிமெண்டுச் சட்டம் ஒன்றினால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று. அந்த ஸ்தாபனத்தார் நடனத்தைக் கற்பித்ததோடு நின்றுவிடவில்லை; நடனத்தைப் பார்க்கத் தெரிந்த சபையையும் உண்டாக்கினார்கள். மேடைக்கு வேண்டிய ஆடைகளை நெய்யத் தங்களுடைய தறியையே அமைத்துக்கொண்டார்கள். கலை வளர வேண்டுமானால், அதைச் சுமந்து செல்லும் ஏற்பாடுகளும் கலைஞரின் வசத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மற்றொரு பெருமை விஞ்ஞானத்தைச் சார்ந்தது. 1986-ம் வருஷத்தில் நமது தேசத்தில் கல்வி நிலையங்களைக் கம்ப்யூட்டர் மூலம் ஒன்றோடொன்று இணைக்க 'எர்னெட்' என்ற திட்டம் ஆரம்பமானபோது, அதில் முதன்முதலாகச் சேர்ந்த ஒரு சில நிலையங்களுள் அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுஜனங்களுக்கு இணையம் கிடைத்தது 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. சுதந்திர தினத்தன்று வந்த அந்தச் சாதனம் எல்லோருக்கும் சுதந்திரத்தைக் கொண்டுவந்ததா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

மணற்காட்டில் நடந்த பரீக்ஷை

அடையாற்றிலிருந்து கடற்கரைச் சாலையாகத் தெற்கே சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற சித்திரக்காரர் கிராமம் இருக்கிறது. கார்களில் விரைவோர் பலர் அதன் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பர். அதன் சரித்திரத்தை அறிந்தவர் சிலரே. அது 1966-ம் வருஷத்தில் தோன்றியது. அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் ஸ்ரீ கே. ஸி. எஸ். பணிக்கர். தம்மிடம் பயின்ற திறமைசாலிகள், கல்லூரியை விட்டு வெளியேறியதும் பிழைப்புக்கு வழியின்றித் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதை அவர் கண்டார். வேறொருவராயிருந்தால் சர்க்காருக்கு ஒரு மகஜர் அனுப்பிவிட்டுத் திருப்தி அடைந்திருப்பார். பணிக்கர் அப்படிச் செய்யவில்லை.

அவரும் அவருடைய சீடர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாதிக் என்னும் மெழுகுச் சாயத் துணிகளையும் பிற கைவேலைகளையும் செய்து விற்றார்கள். சித்திரத்தை வாங்கத் தயங்குபவனும் உடுத்தும் துணியை வாங்குவான் அல்லவா? இவ்விதம் சேர்ந்த பணத்தைக் கொண்டு, அக்காலத்தில் யாரும் சீந்தாத கடலோர மணற்காட்டில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பகலிற் சிறிது நேரம் வயிற்றுக்காகக் கைவேலை, மற்ற நேரமெல்லாம் சித்திரமும் சிற்பமும் என்று வாழ்ந்தார்கள். சுல்தான் அலி, சேனாதிபதி, வாசுதேவ், நந்தகோபால் முதலியவர்களின் பெயர்கள் இந்தியா முழுவதும் பரவியது இந்த மணலிலிருந்துதான். கிராமத்திலேயே நிரந்தரக் காட்சிச் சாலை ஒன்றை வைத்து, அங்கே தங்கள் சங்கத்தின் மூலமாகவே படங்களை விற்றார்கள். 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகை, சென்னைக் கலைஞரின் முயற்சிகளைத் தூரதேசத்தாரும் அறியும்படி செய்தது.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்லுகிறோம்? இணையம் இன்று இளங்கலைஞனுக்குத் தருவதாகக் கூறும் மூன்று பொருள்களும் அவர்களிடம் இருந்தன. படத்தைப் பலர் பார்க்க ஓர் இடம். அதை வெளியூருக்கு அறிவிக்க ஒரு சாதனம். விலை பேசி விற்க ஒரு கடை. அவர்களிடம் இருந்து, இன்றைய இளைஞனிடம் இல்லாதது ஒன்று உண்டு. அந்த இடமும் கடையும் அவர்களுக்கே சொந்தம்.

ரவிவர்மாவின் அநுபவம்

புதிய இயந்திரம் கலைஞனைச் செல்வனாக்கும் என்று நம்பியது நம் தலைமுறை மட்டுமன்று. ராஜா ரவிவர்மா தமது படங்கள் அரண்மனைகளோடு நின்றுவிடாமல் ஏழை வீட்டுச் சுவரையும் அடைய வேண்டுமென்று விரும்பி, 1894-ம் வருஷத்தில் பம்பாயில் கல்லச்சு இயந்திரசாலையைத் தொடங்கினார். அவருடைய லக்ஷ்மியும் சரஸ்வதியும் தேசமெங்கும் பூஜை அறைகளில் குடிபுகுந்தனர். ஆனால் கடன் சுமையால் 1901-ம் வருஷத்தில் அந்த அச்சகத்தை, அதில் வேலை பார்த்து வந்த ஜெர்மானிய நிபுணர் ஷ்லைகரிடம் விற்றுவிட நேர்ந்தது. படங்கள் பின்னும் பல வருஷம் அச்சாகிக்கொண்டே இருந்தன; லாபம் அச்சகத்தை உடையவனுக்குச் சென்றது.

நமது கோவில்பட்டிக் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசிக் காலண்டர்களாகத் தமிழ்நாட்டில் நுழையாத வீடு எது? அப்படங்களுக்குக் கற்பூரம் காட்டியவர்களுள் எழுதியவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? புகழ் பரவுவது வேறு, பிழைப்பு நிலைப்பது வேறு. பரப்பும் யந்திரம் யாருடையதோ அவனிடமே பிழைப்பின் சாவி இருக்கும் என்பது இவ்விரு சரித்திரங்களாலும் விளங்குகிறது.

புதிய ஜமீன்தார்கள்

இன்றைய நிலைமையை இனி நோக்குவோம். 2020-ம் வருஷத்துத் தொற்றுநோயின்போது காட்சிச் சாலைகள் அடைபட்டன. படத்தைக் காட்ட வேறு வழியின்றி, சித்திரக்காரர் பெரியோரும் சிறியோருமாக இணையத்துக்குள் புகுந்தனர். பெரும்பாலோர் புகுந்த இடம் இன்ஸ்டாகிராம். அங்கே கடை வைக்கக் காசு கேட்பதில்லை. பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர் என்று ரசிகர் சேருகின்றனர். ஆனால் அந்த ஆயிரம் பேரின் முகவரி கலைஞனிடம் இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது. இவனுடைய புதுப் படத்தை அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டுவதென்று தீர்மானிப்பதும் கம்பெனியே. 2022-ம் வருஷத்தில் நிலையான படங்களைப் பின்னுக்குத் தள்ளி, சலனப் படங்களை முன்னுக்குக் கொண்டுவர அக்கம்பெனி முயன்றபோது பெருங்கூச்சல் எழுந்தது. அதன்மேல் சில மாறுதல்களை அது நிறுத்தி வைத்தது. கூச்சலிட்டதால் நிறுத்தியது, கூச்சல் இல்லாதபோது என்ன செய்யுமென்று சொல்ல வேண்டியதில்லை.

கடையாகவே நடக்கும் தளங்களிலும் இதே கதைதான். கைவேலைப் பொருள்களுக்கென்று அமெரிக்காவில் 2005-ம் வருஷத்தில் தொடங்கிய எட்ஸி என்ற சந்தை, 2022 ஏப்ரலில் தன் விற்பனைக் கட்டணத்தை நூற்றுக்கு ஐந்திலிருந்து ஆறரையாக உயர்த்தியது. அங்கே கடை வைத்திருந்த ஆயிரக்கணக்கான கைவினைஞர் ஒரு வாரம் ஹர்த்தால் செய்தனர். கட்டணம் குறையவில்லை. சித்திரங்களுக்கென்றே உள்ள வெளிநாட்டு இணையக் காட்சிச் சாலைகளிற் சில, விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கமிஷனாக எடுத்துக்கொள்ளுகின்றன. சாயம், சட்டம், பெட்டி, தபால் ஆகிய செலவுகளைக் கழித்தால் எழுதியவனுக்கு என்ன மிஞ்சும்? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழி தூரிகைக்கும் பொருந்துவதாகிவிட்டது.

போதாக்குறைக்குப் புதியதோர் அச்சமும் பிறந்திருக்கிறது. இணையத்தில் இட்ட படங்களைத் திரட்டி, அவற்றைப் பாடமாகக் கொண்டு தாமே படம் எழுதும் யந்திரங்கள் உண்டாகியிருக்கின்றன. இதை எதிர்த்து 2023 ஜனவரியில் அமெரிக்கச் சித்திரக்காரர் மூவர் வழக்குத் தொடுத்தனர். படத்தைக் காட்டாவிட்டால் வாங்குவாரில்லை. காட்டினால் களவு போகிறது. இதுவே இன்றைய இளங்கலைஞனின் தர்மசங்கடம்.

அதனால் இணையமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ரயில் அந்நியன் போட்டதென்பதற்காக யாரும் நடந்தே காசிக்குப் போகவில்லை. சந்தை நடுவே விளம்பரம் செய்வதற்கு இந்தத் தளங்களை எவ்வளவு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். ஆனால் கல்லாப்பெட்டியையும் கணக்குப் புஸ்தகத்தையும் அங்கே வைத்துவிடலாகாது.

கூடி நடத்தும் கடை

செய்ய வேண்டுவது என்ன? முதலாவது, கலைஞர் ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒரு சொந்த இணைய முகவரியும், தம்மிடம் படம் வாங்கியவர், விசாரித்தவர், காட்சிக்கு வந்தவர் ஆகியோரின் ஜாபிதாவும் வைத்திருக்க வேண்டும். இருநூறு பேர் கொண்ட ஜாபிதா கையில் இருந்தால், இருபதாயிரம் பேர் கூடும் பிறர் சந்தையைவிட அது மேலானது. தளம் மூடினாலும் ஜாபிதா மூடாது.

இரண்டாவது, தனித்தனியே கடை வைப்பது பலருக்கு இயலாது. படத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுக்க ஒருவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரம் எழுத ஒருவர், பணம் வரவு பார்க்க ஒருவர், கட்டி அனுப்ப ஒருவர் என்று பல கைகள் வேண்டும். இதற்குத்தான் சங்கம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் 1904-ம் வருஷத்தில் மத்தியதரக் குடும்பத்தார் சிலர் கூடி ஆரம்பித்த கூட்டுறவுப் பண்டகசாலை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. 1935-ம் வருஷத்தில் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ், சேலத்திலும் காஞ்சிபுரத்திலும் நெய்த துணியை நகரத்துக் கடைவீதிக்குக் கொண்டுவந்தது. இன்று அது இணையத்திலும் விற்கிறது. நெசவாளிக்கு இது சாத்தியமாயிற்றென்றால், சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள சர்க்கார் கவின்கலைக் கல்லூரிகளிலிருந்து வெளிவருகிறவர்களுக்கு ஏன் சாத்தியமாகாது? 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம் கையில் இருக்கிறது. சோழமண்டலத்தார் மணலில் செய்ததை, இவர்கள் இணையத்தில் செய்யலாம். நிலம் வாங்க அவர்களுக்கு எவ்வளவோ பணம் வேண்டியிருந்தது. இணையத்தில் ஒரு மனை வாங்க அதில் மிகச் சிறு பங்கு போதும்.

அத்தகைய சங்கம் ஒன்று அமைந்தால், அதன் கடையில் சில ஒழுங்குகள் இருக்க வேண்டும். படத்தின் நீள அகலம், எழுதிய வருஷம், துணியா காகிதமா, எண்ணெய்ச் சாயமா நீர்ச் சாயமா என்பவை தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். விலையை மறைக்கலாகாது. விலை கேட்கக் கூச்சப்பட்டே திரும்பிப் போகிறவர் நம்மில் ஏராளம். ஒவ்வொரு படத்தோடும் கலைஞன் கையெழுத்திட்ட அத்தாட்சிப் பத்திரம் போக வேண்டும். பெரிய படம் வாங்கச் சக்தியற்றவர்க்குச் சிறு சித்திரங்களும், எண்ணிட்டுக் கையொப்பமிட்ட அச்சுப் பிரதிகளும் இருக்க வேண்டும். பாதிக் துணி விற்றுச் சித்திரத்தைக் காத்த யுக்தியின் புது உருவம் அதுவே. வெளிநாட்டுக்கு அனுப்புவோர்க்கு உதவத் தபால் இலாகாவினர் அண்மை வருஷங்களில் ஏற்றுமதி நிலையங்களைத் திறந்திருக்கின்றனர், அவற்றையும் உபயோகித்துக்கொள்ளலாம்.

அறிய வேண்டிய சட்டம்

சித்திரக்காரர் பலர் தங்கள் உரிமையையே அறியாதிருப்பது வருந்தத்தக்கது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்பதனால் அதன் பதிப்புரிமை வாங்கியவனுக்குப் போய்விடுவதில்லை. படம் அவனுடையது, அதை நகலெடுத்துக் காலண்டராகவும் பனியனாகவும் விற்கும் உரிமை எழுதியவனுடையது. அந்த உரிமை மாற வேண்டுமானால் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளுகிறது. ஆனால் ஒருவர் கூலி பேசித் தமக்கென்று எழுதச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை எழுதச் சொன்னவருக்கே சேரும். ஆகவே, அவ்விதம் வேலையை ஏற்கும் முன்பே உரிமையைப் பற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பிரிவும் உண்டு. 1994-ம் வருஷத்துத் திருத்தத்தினால் சேர்ந்த 53-அ பிரிவின்படி, ஒரு சித்திரத்தின் மூலப்படம் மறுபடியும் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் விலை போனால், பதிப்புரிமையை முதலில் உடையவனாயிருந்த கலைஞனோ அவன் வாரிசுகளோ அதில் ஒரு பங்கைக் கோரலாம். அந்தப் பங்கு நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலம் ஒன்றில் எம். எப். ஹுஸேன் 1954-ம் வருஷத்தில் எழுதிய படம் ஒன்று ஒரு கோடியே முப்பத்தேழு லக்ஷம் டாலருக்கு மேல் போயிற்று. இளமையில் அற்ப விலைக்கு விற்ற படம் பின்னால் குபேர விலை பெறுவது சித்திர உலகில் வழக்கம். நம் தேசத்தில் நடக்கும் மறு விற்பனைகளிலாவது எழுதியவனுக்கு ஒரு பங்கு சேரும்படி அந்தப் பிரிவு உயிர் பெற வேண்டும். விற்ற படம் எங்கே இருக்கிறதென்ற கணக்கு இல்லாவிட்டால் அதைக் கோருவது எப்படி? சங்கம் வைத்திருக்கும் கணக்குப் புஸ்தகம் இங்கேதான் கைகொடுக்கும்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. படத்தை வாங்குவதாகச் சொல்லி, பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணை அழுத்து என்பவன் திருடன். பணம் பெற்றுக்கொள்ள ரகசிய எண் வேண்டியதே இல்லை. விலைக்கு மேல் தொகை எழுதிய செக்கை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லும் வெளிநாட்டு ரசிகனும் அந்த ஜாதியைச் சேர்ந்தவனே.

வாங்குவோர் கடமை

எத்தனை நல்ல கடை திறந்தாலும், உள்ளே வருபவன் இல்லாவிட்டால் பயனில்லை. அந்நியத் துணியைத் தெருவில் கொளுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அன்றைக்குக் கதர், மில் துணியைவிட முரடாகவும் விலை அதிகமாகவும் இருந்தது. இருந்தும் அதை வாங்கியவர்கள், ஒரு முழத் துணியோடு ஒரு குடும்பத்தின் சோற்றையும் வாங்குகிறோம் என்பதை உணர்ந்திருந்தார்கள். கலியாணத்துக்குப் பரிசு வாங்குவோர், புதுமனை புகுவோர், சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் காரியாலயங்களுக்கும் கட்டடம் எழுப்புவோர் ஆகிய ஒவ்வொருவரும், எழுதியவன் பெயர் தெரிந்த ஒரு படமாவது வாங்குவதென்று வைத்துக்கொண்டால் போதும். நம் பிள்ளைகள் தூரிகையைக் கீழே வைக்க வேண்டிய நிலை வராது. அரசியல் கட்சியினரையும் இதில் விட்டுவிட மனமில்லை. மாநாட்டுப் பந்தலுக்கு இயந்திரத்தில் அச்சிட்ட பிளாஸ்டிக் பதாகைகளை மைல் கணக்கில் கட்டுகிறவர்கள், அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கித் தலைவர்களின் உருவங்களை இளஞ் சித்திரக்காரரைக் கொண்டு எழுதச் செய்யலாகாதா?

சர்க்கார் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. கல்லூரியில் கடைசி வருஷத்து மாணவர்க்கு விலை வைப்பது, கணக்கு எழுதுவது, உரிமைச் சட்டம், இணையக் கடை நடத்துவது ஆகியவற்றைப் பாடமாக வைக்கட்டும். சங்கம் அமைக்க முன்வருவோர்க்கு முதல் மூன்று வருஷம் கடன் உதவி கொடுக்கட்டும். பிறகு கையை எடுத்துக்கொள்ளட்டும். இலாகாவின் நிழலிலே வளரும் செடி உயர்வதில்லை.

முக்கியமான பொறுப்பு இளைஞர்களுடையதே. பணிக்கரும் அவர் தோழர்களும் வேலை தேடி வரிசையில் நின்றிருந்தால் ஈஞ்சம்பாக்கத்து மணல் மணலாகவே இருந்திருக்கும். அவர்கள் காலத்தில் நிலம் மலிவு, செய்தி போவது அருமை. இன்று நிலம் அருமை, செய்தி போவது மலிவு. காலம் எதை மலிவாகக் கொடுக்கிறதோ அதைச் சேர்ந்து வாங்கித் தமதாக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். சோழமண்டலத்தில் முதல் குடிசைக்குக் கம்பம் நட்ட துணிவு அடையாற்று இளைஞரிடம் அற்றுப்போய்விடவில்லை என்று நம்புகிறோம். பத்துப் பேர் கூடட்டும். ஒரு பெயரும் ஒரு கணக்குப் புஸ்தகமும் ஏற்படட்டும். சாவி அவர்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். கடை திறந்த அன்று முதல் ஆளாகப் படியேற வேண்டியது, இதைப் படிக்கும் நேயர்களே, உங்கள் கடமை.